ஏற்றாத விளக்கு

பிரிக்பீல்ட்ஸ்
5-6-1932

தம்பி சபாபதிக்கு, அண்ணி புஷ்பவல்லி எழுதுகிறேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கூட்டிப் படித்துக்கொள்.

நீ சொல்லாமல் கொள்ளாமல் போய் நாலு மாதம் ஆகிறது. உலு லங்காட் பக்கம் ஆத்துமேட்டுத் தோட்டத்தில் இருக்கிறாய் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பாசாரில் கீரை விற்க வருகிற சீதாலெட்சுமி சொன்னாள். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தை மூடிவிட்டுத் துரை போய்விட்டாராம். போக்கிடம் இல்லாத சனங்கள் மட்டும் லயத்து வீடுகளிலேயே தங்கிக் காய்கறி போட்டுப் பிழைக்கிறார்களாம். அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். "ஒங்க கொழுந்தன் ஆத்துல சக்கரம் போட்டு கரண்டு எடுக்கப் போறாராம்லா அக்கா, ஒங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கையில் கீரை இல்லை. அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

உனக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா? உன் அண்ணன் போய் இரண்டாவது வருஷம்தானே ஓடுகிறது. அன்றைக்கு மழை. சோற்றில் கைவைத்தவரைக் கரண்டுக் கம்பம் ஏற அவசரம் என்று கூட்டிப்போனார்கள். ரப்பர் கையுறையைக்கூட எடுக்கவில்லை. "லைன் அடைச்சாச்சு, ஏறுங்கண்ணே" என்று கீழேயிருந்து எவனோ சொன்னானாம். யார் சொன்னது, அடைத்தானா இல்லையா, இன்றுவரை ஒருத்தரும் என் வாசலுக்கு வந்து சொல்லவில்லை. சாயந்திரம் ஒரு ஆள் சீட்டுக் கொண்டுவந்தான். மேலே என் பெயர் இருந்தது. எழுத்து அவருடையது இல்லை. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே பிரித்துப் படிக்கவே இல்லை.

உடம்பில் காயம் இல்லை தம்பி. உள்ளங்கையில் ரப்பர் கொட்டை அளவு ஒரு கருப்பு, அவ்வளவுதான். அவ்வளவு சின்ன வழியாக உள்ளே வந்து ஒரு ஆளைக் கொண்டுபோகிற சாமானைத்தான் நீ கூப்பிட்டு வைத்துக்கொள்ளப் பார்க்கிறாய்.

அவருடைய தோல் பையைக் காணோம். குறடு, திருப்புளி எல்லாம் அதில்தான். நீ எடுத்துப் போயிருப்பாய். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன், அது உனக்குத் தெரியும்.

திரும்பி வா. சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கும் ஆள் வேண்டும். ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்கள் பசியோடு இருக்கிறார்கள்.

அண்ணி


ஆத்துமேடு
19-6-1932

அன்புள்ள அண்ணிக்கு, சபாபதி வணக்கம்.

பையை எடுத்தது நான்தான். திட்டுங்கள். ஆனால் அந்தக் குறட்டைப் பிடித்தால்தான் எனக்கு வேலை ஓடுகிறது. அண்ணனுக்குப் பின்னாலேயே ஆறு வருஷம் பை தூக்கினேன், அந்த ஒரு நாள் மட்டும் நான் கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் கற்றதைவிட அந்த முதுகைப் பார்த்துக் கற்றதுதான் அதிகம்.

ஏன் இந்த வேலை என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். நான் இங்கே வந்த மாசி மாதம் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுத்தது. யார் வீட்டிலும் மண்ணெண்ணெய் இல்லை. ஒட்டுப்பாலைக் குச்சியில் சுற்றிக் கொளுத்தி வெளிச்சம் காட்டினோம். ரப்பர் எரிந்தால் புகை எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். மருத்துவச்சிக்குக் கண் எரிந்து ஒன்றும் தெரியவில்லை. தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

காஜாங் பக்கம் மூடிக் கிடக்கிற ஈயச் சுரங்கத்தில் ஒரு டைனமோ துருப்பிடித்துக் கிடந்தது. சுரங்க முதலாளி சீனத் தவுக்கே, "எடுத்துட்டுப் போ, வெடிச்சா எங்கிட்ட வராதே" என்றார். கருகிப்போன சுருளைப் பிரித்து, நூல் சுற்றி, அரக்குப் பூசி மறுபடியும் சுற்றினேன். பல தடவை தோற்றேன். ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி மரச்சக்கரம் போட்டிருக்கிறோம். ரப்பர் ஆலையின் பழைய வார்தான் சக்கரத்தையும் டைனமோவையும் சேர்க்கிறது. போன வாரம் ஒரு பல்பு எரிந்தது. நெல்லிக்காய் அளவு வெளிச்சம். கிழடுகட்டைகள் எல்லாம் கும்பிட்டார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

பயப்படாதீர்கள். இங்கே கீழே நின்று பொய் சொல்ல ஆள் கிடையாது. வாய்க்கால் வாயில் ஒரு பலகை இருக்கிறது. பலகையைத் தூக்கினால் தண்ணீர் வரும், சக்கரம் சுற்றும், கம்பிக்கு உயிர் வரும். இறக்கினால் கம்பி செத்த பாம்பு. தூக்குவதும் இறக்குவதும் நான் மட்டும்தான்.

சபாபதி


பிரிக்பீல்ட்ஸ்
3-7-1932

தம்பிக்கு,

பிள்ளைத்தாய்ச்சியைப் பற்றி எழுதியிருந்தாய். படித்துவிட்டு அழுதேன். அதற்காக நீ செய்வது சரி என்று எழுதமாட்டேன்.

இங்கே வீட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்கு வீடு கரண்டு போட்டுவிட்டார். என் அடுப்படியிலும் ஒரு பல்பு தொங்குகிறது. நான் சுவரில் இருக்கிற அந்தக் குமிழைத் தொடுவதில்லை. மண்ணெண்ணெய் விளக்குத்தான். பக்கத்து வீட்டு மரியம், "ஏன் புள்ள, இம்புட்டு வெளிச்சத்த தலைக்கு மேல வச்சுக்கிட்டு இருட்டுல வெங்காயம் உரிக்கிற?" என்று கேட்கிறாள். மழை பெய்தால் பல்புக்கு நேர்கீழே நிற்பதில்லை. கம்பி போகிற சுவரில் சாய்வதில்லை. கட்டிலையும் நகர்த்திவிட்டேன். இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்கமாட்டேன் என்கிறது.

ஒன்று கேட்கிறேன். உன் கம்பி எந்த வழியாகப் போகிறது? லயத்து வாசலை ஒட்டித்தானே? நான் கிள்ளான் பக்கம் லயத்தில் பிறந்தவள். லயத்துப் பெண்ணுக்குக் கம்பி என்றால் துணி காயப்போடுகிற கொடி. இடுப்பில் ஈரத்துணியைச் சுமந்து வருகிறவள் இது எந்தக் கம்பி என்று யோசித்தா போடுவாள்? நீ ஆண்பிள்ளை. தண்ணீரும் சக்கரமும் உனக்குத் தெரியும். துணி காயப்போடுவது தெரியாது.

இதற்குப் பதில் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அண்ணி


ஆத்துமேடு
1-8-1932

அண்ணிக்கு,

பதில் தாமதித்தது வேண்டுமென்றுதான். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நீங்கள் சொன்னபடியே நடந்தது. உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்த சீதாலெட்சுமியேதான். கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்த் துணி துவைத்து, நனைந்த கைலியை என் கம்பியில் வீசிப் போட்டாள். நான் அப்போது பார்த்துக்கொண்டு நின்றேன். சற்று முன்னால்தான் பலகையை இறக்கியிருந்தேன். இறக்கினேனா என்று எனக்கே சந்தேகம் வந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். இறக்கித்தான் இருந்தது. அவளோ, "என்னா தம்பி கம்பி இது, ஒரு கைலிக்கே தொய்யுது. கட்டுறதுதான் கட்டுறீங்க, நல்லதா கட்டக் கூடாதா?" என்றாள்.

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஊரே மிரண்டுபோகும். சக்கரத்தைப் பிய்த்து அடுப்பில் வைத்துவிடுவார்கள். அதற்குப் பதில் வேலையைச் சரிசெய்துவிட்டேன். உயரமான தூண்களை நட்டுக் கம்பியை எட்டாத உயரத்துக்கு ஏற்றியிருக்கிறேன். கம்பி முழுக்க ரப்பர் பால் பூசிக் காயவைத்திருக்கிறேன். நம்மிடம் அதற்கா பஞ்சம்!

இன்னொரு சேதி. அம்மன் கோயில் பூசாரி பழனியப்பன், முதல் விளக்கு அம்மனுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். ஆடிக் கடைசி வெள்ளியன்று திருவிழா முடிகிறது. சாயந்திரம் சப்பரம் சுற்றிவந்து சன்னிதிக்கு முன்னால் நிற்கும்போது நான் பலகையைத் தூக்கவேண்டும். சப்பரத்தை ஆட்கள் தோளில் தூக்கினால் எவ்வளவு உயரம் வரும் என்று கழி வைத்து அளந்து, அதற்கு மேலே ஒரு முழம் விட்டுத்தான் கம்பி கட்டியிருக்கிறேன். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் அண்ணி.

இந்த வெள்ளி காப்புக் கட்டுகிறார்கள். எனக்கும் கட்டுவார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையை யாரும் தாண்டக்கூடாது. சீதாலெட்சுமியும் பாசாருக்கு வரமாட்டாள். அதனால் கடிதம் வரவில்லையே என்று பயந்துகொண்டிருக்க வேண்டாம்.

சபாபதி


பிரிக்பீல்ட்ஸ்
11-8-1932

தம்பி சபாபதி,

இதை யாரிடம் கொடுத்து அனுப்புவேன் என்று தெரியாமலே எழுதுகிறேன்.

உன் கடிதத்தைச் சீதாலெட்சுமி போன வாரம் தந்துவிட்டு உடனே புறப்பட்டுவிட்டாள். நான் சட்டியில் குழம்பு கொதிக்க அதை வாசித்தேன். அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. நேற்று குழம்புக்கு மஞ்சள் கேட்டு மரியம் வந்தாள். குளித்த ஈரக்கையோடு டப்பாவை எடுத்தேன். விரலெல்லாம் மஞ்சளாகிச் சொட்டியது. டப்பாவை மரியம் கையில் திணித்துவிட்டு உன் கடிதத்தை மறுபடியும் எடுத்தேன்.

கடைசி நாள் மஞ்சள் நீர் ஆச்சே தம்பி!

நீ எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். இதை யோசித்தாயா? நான் பிறந்த தோட்டத்தில் அண்டா அண்டாவாகக் கரைத்து வைப்பார்கள். கூரை, மாடு, சப்பரம், எதையும் விடமாட்டார்கள். மாமன் மகன்மேல் ஊற்றுவதற்கென்றே பெண்கள் குடத்தோடு ஒளிந்திருப்பார்கள். தரை சேறாகிவிடும். ஒருத்தர் காலிலும் செருப்பு இருக்காது. தலை முதல் கால்வரை நனைந்த அத்தனை சனமும் உன் கம்பிக்கடியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்திலா நீ பலகையைத் தூக்கப்போகிறாய்?

உன் அண்ணன் ஒரு தடவை சாப்பிடும்போது சொன்னார். "காஞ்ச மனுசன அது தள்ளி விட்டுரும் புஷ்பா. நனைஞ்ச மனுசன பிடிச்சுக்கும்." உனக்கும் சொல்லியிருப்பாரே. நீயும் பக்கத்து இலையில்தானே உட்கார்ந்திருந்தாய்.

பாசாரில் தேடினேன். ஆத்துமேட்டு ஆள் ஒருத்தரும் இல்லை. காஜாங் பஸ்காரரிடம் இந்தக் கடிதத்தை நீட்டினேன். "காப்பு கட்டியாச்சேம்மா, அங்கேருந்து யாரு வந்து வாங்குவா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் வரக்கூடாது. தாலி அறுத்தவள் கரகம் போகிற பாதையில் குறுக்கே வந்தால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியாதா? யாரும் சொல்வதற்கு முன்னாலேயே நானாகத்தான் இந்த இரண்டு வருஷமாக எல்லாக் கோயில் வாசலிலும் ஒதுங்கி நிற்கிறேன்.

பஸ் காலையில் இருக்கிறதாம். கேட்டு மட்டும் வைத்தேன்.

அண்ணி


ஆத்துமேடு
14-8-1932

அண்ணி,

இன்றைக்குக் காப்பு அவிழ்த்தார்கள். இதை எழுதிச் சீதாலெட்சுமியிடம் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் வாங்கிப் படிப்பீர்களா என்று தெரியவில்லை. வாங்காவிட்டாலும் நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை நீங்கள் வந்து, நான் தூக்கவிடாமல் மதகுப் பலகைமேல் உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. வெள்ளைச் சேலை முழுக்க யாரோ ஊற்றின மஞ்சள் தண்ணீர். கரையில் ஊரே திரண்டு நின்றது. "எழுந்திருங்கண்ணி, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன். "பாக்கட்டும்" என்றீர்கள். பழனியப்பன் கத்தினார்: "தாலி அறுத்தவ வந்து அம்மன் வெளக்க அணைக்கிறாளே!" நீங்கள் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஏத்தாத வெளக்க எப்படிங்க அணைக்கிறது?" என்றீர்கள். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை. "அண்ணன முழுங்கினது போதாதா, என்னையுமா?" என்று கேட்டுவிட்டேன். என் வாயால். உங்கள் சோற்றைத் தின்ற வாயால்.

நீங்கள் எழுந்திருக்கவில்லை. அதற்குள் அங்கே மேளம் மாறியது, சப்பரம் கோயிலடிக்கு வந்துவிட்டது, சனம் என்னை விட்டுவிட்டு அங்கே ஓடியது. நானும் ஓடினேன்.

இனி எழுதுவதை நீங்கள் பார்க்கவில்லை. அதற்குள் இறங்கிப் போய்விட்டிருந்தீர்கள்.

சன்னிதிக்கு முன்னால் சப்பரத்தை மூன்று தரம் தலைக்குமேல் தூக்கி இறக்குவது இங்கே வழக்கம். சின்ன வயதில் ஒவ்வொரு தோட்டத்துத் திருவிழாவிலும் அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தோளுக்கு அளந்தேன். தலைக்குமேல் தூக்குவார்கள் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. இரண்டாம் தரம் தூக்கும்போது உச்சியில் இருந்த பித்தளைக் கலசம் என் கம்பியில் மாட்டியது. இழுத்தார்கள். ரப்பர் பூச்சு உரிந்து, கம்பி அறுந்து, அந்த ஈரத் தோள்கள்மேல் விழுந்தது.

ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. "கொடி அறுந்துபோச்சுடா" என்று சிரித்தார்கள். ஒருத்தன் அதை எடுத்துப் பக்கத்தில் இருந்தவன் கழுத்தில் மாலையாகப் போட்டான். சீதாலெட்சுமி காலால் ஒதுக்கினாள். அப்புறம் பழனியப்பன் அதை மாட்டுக் கயிறு மாதிரி முழங்கையில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "இந்தா தம்பி, ஒன் கம்பி" என்று நீட்டினார். அவர் கையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அதை வாங்கக் கை வரவில்லை. செத்த கம்பிதான் என்று தெரிந்தும் வரவில்லை.

பிறகு மதகுக்குப் போனேன். நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் கல்லுக்கடியில் உங்கள் கடிதம் இருந்தது. பாதி எழுத்து நனைந்து கரைந்திருந்தது. அண்ணன் சொன்ன வரி மட்டும் நன்றாகத் தெரிந்தது.

இப்போது ஊரில் என்ன பேச்சு தெரியுமா? தாலி அறுத்தவள் கால் வைத்ததால்தான் அம்மன் கோபித்துக் கம்பியை அறுத்துவிட்டாளாம். நான் உண்மையைச் சொன்னால் உங்கள்மேல் விழுந்த பழி போகும். ஆனால் அந்தக் கம்பி அவர்களைக் கொன்றிருக்கும் என்று தெரிந்தால் விளக்கை இனி ஒருநாளும் விடமாட்டார்கள். அடுத்த பிள்ளைத்தாய்ச்சிக்கு மறுபடியும் ஒட்டுப்பால் புகைதான். சொல்லாமல் இருந்தால் பழனியப்பனே புதுக்கம்பிக்கு ஆள் தருகிறேன் என்கிறார்.

எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் அந்த ஆள் முழங்கையில் கம்பி சுற்றுகிறார். நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் செய்கிறேன்.

சபாபதி


பிரிக்பீல்ட்ஸ்
17-8-1932

தம்பி சபாபதிக்கு,

வாங்கிப் படித்தேன். நீ சொன்ன வார்த்தை வலித்தது. இல்லை என்று எழுதினால் பொய். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதுதான் காதில் கேட்டது. ஆனால் நீ அதைக் கத்தின குரல் உயிரோடு இருக்கிற குரல். அதையும் நினைத்துக்கொண்டேதான் வந்தேன்.

என்மேல் விழுந்த பழியைப் போக்க நீ வாய் திறக்க வேண்டாம். அது கிடக்கட்டும். வேறு ஒன்றுக்காகத் திறக்கவேண்டும்.

எனக்கு ஏன் இந்தப் பயம் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். கரண்டு மட்டும் காரணம் இல்லை. உன் அண்ணன் கம்பத்தில் ஏறினபோது கீழே என்ன நடந்தது என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னதற்குப் பயப்படவேண்டும், இன்னதற்கு வேண்டாம் என்று ஒரு கணக்கு இருந்திருக்கும். சொல்லாததால் சுவருக்கும் பயம், மழைக்கும் பயம், அடுப்படிக்கும் பயம். நீயும் சீதாலெட்சுமியிடம் சொல்லவில்லை. ஊர் மிரளும் என்றாய். அவளை மிரளவிடாமல் வைத்தாய், அதனால்தான் அவள் அந்தக் கம்பியைக் காலால் ஒதுக்கினாள்.

சொல்லிவிடு. பழனியப்பன் கையில் அது என்னவாக இருந்திருக்கும் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல். அண்ணன் செத்த கதையைச் சொல். உள்ளங்கைக் கருப்பையும் சொல். சக்கரத்தை உடைக்க வந்தால் உடைக்கட்டும். உடைத்தபிறகு அந்த மாசி மாதத்துப் புகையையும் எடுத்துச் சொல். எல்லாம் தெரிந்து அவர்கள் வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். அந்தக் கம்பிக்குக் கீழே குடியிருக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

நேற்று இதைச் சீதாலெட்சுமியிடம் நானே ஆரம்பித்துவிட்டேன். என்னைத் திட்டாதே. பாசார் நடுவிலேயே கூடையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்புறம், "அப்போ துணிய எங்கதான்க்கா காயப் போடுறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நீ முதலில் கேட்டிருக்கவேண்டும். அவளுக்குப் பதில் சொல்லிவிட்டுத் தூண் நடு. பெண்களுக்கு நல்ல கொடி ஒன்று கட்டிக்கொடு, தொய்யாததாக.

அவளிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். உன் அண்ணனுடைய கையுறை. அன்றைக்கு வீட்டிலேயே விட்டுப்போனாரே, அதுதான். அரிசிப் பானைக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருந்தேன். நீ பையை எடுத்தபோது உன் கையில் அகப்படாதது அதனால்தான். ஓட்டை இருக்கிறதா என்று அவர் ஏறுவதற்கு முன்னால் வாயை வைத்து ஊதிப் பார்ப்பார், ஞாபகம் இருக்கிறதா? நானும் ஊதிப் பார்த்தேன். வலது கை ஐந்து விரலும் விறைத்து எழுந்து நின்றது. அவர் கை மாதிரியே இருந்தது. காற்றை விட எனக்கு மனசே வரவில்லை, வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். காற்று போகவும் இல்லை. ஓட்டை இல்லை. இரண்டையும் பார்த்துவிட்டேன். போட்டுக்கொள்.

பயம் எனக்குப் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. தரை காய்ந்த நாளாகப் பார்த்துப் பலகையைத் தூக்கு. தூக்குகிற நாளை எனக்கு முன்கூட்டியே சொல்லாதே. தூக்கினபிறகு ஒரு கடுதாசி போடு. எரிந்தது என்று எழுது, எரியவில்லை என்று எழுது, இல்லாவிட்டால் ஒன்றும் எழுதாமல் வெறும் தாளை மடித்து அனுப்பு. மேலே என் பெயரை மட்டும் நீ உன் கையால் எழுது.

அண்ணி